டயர் புராணம்

பாயிரம்

சமையல்காரரை அழவைக்கும் சக்தி இவ்வுலகில் மூன்றுக்கு உண்டு: வெங்காயம், கடை வாடகை, ஒரு பிரெஞ்சு டயர் கம்பெனி. முதல் இரண்டுக்கும் காரணம் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதற்கு ஒரு புராணமே வேண்டியிருக்கிறது. ரப்பரைக் காய்ச்சி வளையம் போட்டு விற்றவர்கள், எந்த ஊர் வாத்துக் கறி பதமாக வெந்தது, எந்த ஊர் சாஸ் திரிந்தது என்று தீர்ப்புச் சொல்லும் பீடத்தில் ஏறியது எப்படி? ஏறியதுதான் ஏறினார்கள், உலகம் கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்பது ஏன்? நைமிசாரணியத்து முனிவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. அவர்கள் காய் கனிகளோடு நிறுத்திக்கொண்டவர்கள். ஓட்டல் பில்லைப் பார்த்து மூர்ச்சையாகித் தெளிந்த ஒரு சாமானியர் கேட்கிறார். சூதர் சொல்லத் தொடங்குகிறார்.

ஓசிச் சோற்றுப் படலம்

பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்களின் தலை போயிற்று; அவர்கள் வீட்டுச் சமையல்காரர்களின் தலை தப்பியது. தப்பியவர்களில் பலர் பாரீஸில் கடை போட்டார்கள். புரட்சிக் களேபரத்தில் புதுப்பணம் பார்த்தவர்களுக்கு வயிறு இருந்தது, காசு இருந்தது, எங்கே போய்ச் சாப்பிடுவது என்ற ஞானம் மட்டும் இல்லை. அந்த ஞானத்தை விற்க ஒருவர் வந்தார். பெயர் கிரிமோ த லா ரேனியேர். அப்பா வரி வசூல் குத்தகையில் கொழுத்தவர். மகன் சட்டம் படித்தார், நாடக விமர்சனம் எழுதினார், கடைசியில் நாக்குதான் நமக்குத் தொழில் என்று தெளிந்தார்.

1803 முதல் 1812 வரை, சாப்பாட்டுப் பிரியர்களுக்கென்று ஆண்டுமலர் ஒன்றை வெளியிட்டார். பாரீஸில் எந்தத் தெருவில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று விலாவாரியாகச் சொன்ன புத்தகம். உலகின் முதல் உணவக விமர்சகர் என்று இவரைத்தான் கைகாட்டுகிறார்கள்.

அவருடைய முறை வெகு சுருக்கம். கடைக்காரர்கள் தங்கள் சரக்கை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சுவை நடுவர் குழு ஒன்று வட்டமாக உட்கார்ந்து அதைத் தின்னும். ஏப்பம் அடங்கியதும் தீர்ப்பு; தீர்ப்பு மலரில் அச்சாகும். அனுப்பாத கடைக்குத் தீர்ப்பும் இல்லை, பெயரும் இல்லை. வழக்கைப் பொட்டலம் கட்டி நீதிபதி வீட்டுக்கே அனுப்பிவைக்கும் இந்த ஏற்பாட்டில் யாருக்காவது சந்தேகம் வராமல் இருக்குமா? வந்தது. ஊர் வாய் பேசியது, மலரும் நின்றது. பிற்பாடு கிரிமோ தாம் இறந்துபோனதாகத் தாமே அறிவிப்பு அனுப்பி, துக்கம் கேட்க வந்தவர்களை விருந்து மேசையில் உட்கார்ந்தபடி வரவேற்றதாக ஒரு கதை உண்டு. உண்மையான சிநேகிதர் யார் என்று பார்க்கத்தானாம். வராதவர்களுக்குச் சிநேகிதமும் போச்சு, சாப்பாடும் போச்சு.

ஆச்சரியக்குறிப் படலம்

தீர்ப்பை நீட்டி முழக்காமல் ஒரு குறியில் அடக்கலாம் என்று முதலில் கண்டவர்களில் ஒருவர் மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலேய அம்மையார். 1820களில் வந்த அவருடைய பயண நூலில் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் ஆச்சரியக்குறி போட்டிருப்பார். நன்றாக இருந்தால் ஒன்று, இன்னும் நன்றாக இருந்தால் இரண்டு, அதற்கும் மேலே போனால் வரிசையாக நாலைந்து. வாயைப் பிளக்கும் வேலையையும் வாசகருக்கு மிச்சம் வைக்கவில்லை.

ஜெர்மனியின் கார்ல் பேடெக்கருக்கு இவ்வளவு கூச்சல் பிடிக்கவில்லை போலும். 1840களில் தம் வழிகாட்டிப் புத்தகங்களில் நட்சத்திரக் குறியைக் கொண்டுவந்தார். கோட்டைக்கு, தேவாலயத்துக்கு, நல்ல ஓட்டலுக்கு. உச்சபட்சம் இரண்டு; அதற்குமேல் உணர்ச்சிவசப்பட மனிதர் தயாராக இல்லை. நூறு வருஷம் கழித்து, 1942 ஏப்ரலில், நாஜி அரசின் பேச்சாளர் ஒருவர் பேடெக்கரில் மூன்று நட்சத்திரம் வாங்கிய பிரிட்டிஷ் கட்டடங்கள் அத்தனையையும் குண்டு வீசித் தகர்ப்போம் என்று முழங்கினார். அந்தப் புத்தகத்தில் மூன்று நட்சத்திரமே கிடையாது. புத்தகத்தைத் திறந்து பார்க்காமலே மிரட்டியிருக்கிறார். எக்ஸெட்டரிலும் பாத்திலும் யார்க்கிலும் விழுந்த குண்டுகள் மட்டும் நிஜம்.

பிராந்திப் படலம்

1905இல் லண்டனில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கம் பிறந்தது. உன்னதமான நோக்கம்: வேகமாகப் போகும் கார்களைப் பிடிக்க வேலி மறைவில் பதுங்கியிருக்கும் போலீஸ்காரர்களைப் பற்றி உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பது. போலீஸிடம் தப்பியவருக்கு ராத்திரி தங்க ஓர் இடம் வேண்டாமா? 1912இல் ஓட்டல்களைத் தரம் பிரிக்க முடிவு செய்தார்கள். எந்தக் குறியைப் போடுவது என்ற கேள்விக்கு, சங்கச் செயலாளர் ஸ்டென்சன் குக்குக்குப் பதில் தந்தது பிராந்தி பாட்டில். மூன்று நட்சத்திர பிராந்தி என்றால் என்ன என்று கார் வைத்திருக்கும் எல்லாக் கனவானுக்கும் தெரியும்; மூன்று நட்சத்திர ஓட்டலும் அப்படியே புரிந்துவிடும். இன்று ஓட்டல் முகப்பில் பித்தளையில் பளபளக்கும் ஐந்து நட்சத்திரத்துக்குக் குலதெய்வம் அந்த பாட்டில் லேபிள்தான்.

ஓட்டல் நட்சத்திரம் அன்றுமுதல் இன்றுவரை பெரும்பாலும் ஒரு ஜப்திக் கணக்கு. அறை எத்தனை சதுர அடி, குழாயில் வெந்நீர் வருகிறதா, லிஃப்ட் உண்டா, நடுராத்திரியில் வரவேற்பில் ஆள் உண்டா. இந்தியாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு ஒன்று பட்டியலோடு வந்து டிக் அடித்துவிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை கொடுக்கும். அதுவும் போதாதவர்களுக்கு 'ஐந்து நட்சத்திர டீலக்ஸ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கட்டிலை நாடா பிடித்து அளக்கலாம். அதில் தூக்கம் வருமா என்ற கேள்விக்குப் பட்டியலில் கட்டம் இல்லை. 1999இல் துபாயில் திறந்த புர்ஜ் அல் அராபைப் பார்த்து மலைத்த ஒரு பத்திரிகையாளர் 'ஏழு நட்சத்திரம்' என்று எழுதிவிட்டதாகச் சொல்வார்கள். பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஏழாவது நட்சத்திரத்துக்கு மனு வாங்கும் ஆபீஸ் பூலோகத்தில் எங்கும் இல்லை.

டயர் அவதாரப் படலம்

இனி மூலவர். பிரான்ஸின் நடுவே கிளேர்மோன்-ஃபெரான் என்ற ஊர். அங்கே ஆந்த்ரே, எதுவார் என்று மிச்செலின் சகோதரர்கள். அண்ணன் பொறியாளர், தம்பி படம் வரையப் படித்தவர். தாத்தா காலத்து ரப்பர் தொழிற்சாலை நொடித்துக் கிடந்தபோது இருவரும் கையில் எடுத்து, முதலில் சைக்கிளுக்கு, பிறகு காருக்கு என்று டயர் போடத் தொடங்கினார்கள்.

சரக்கு நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. 1900இல் பிரான்ஸ் முழுவதும் ஓடிய கார்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. இருந்த கார்களும் ஊர்க்கோடிவரை போய்த் திரும்பி வந்து கொட்டகையில் தூங்கின. ஓடாத டயர் தேயாது. தேயாத டயரை யாரும் மாற்றமாட்டார்கள். ஆகவே ஜனங்களை எப்படியாவது தூரமாக ஓட்டவைக்க வேண்டும்.

அந்த வருஷம் ஆகஸ்டில் 35,000 பிரதி அச்சடித்து இலவசமாக விட்டார்கள் ஒரு சின்னப் புத்தகத்தை. ஒரு காருக்குப் பதினோரு புத்தகத்துக்கு மேல்! டயரைக் கழற்றி மாட்டுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், மெக்கானிக் எங்கே இருப்பார், ராத்திரி எங்கே தங்கலாம் என்று இருந்தது உள்ளே. சமையல் பற்றிய ஞானம் ஒரு சிட்டிகைகூட இல்லை. கம்பெனியின் சின்னமோ, டயர்களை அடுக்கி ஆளாக்கிய ஒரு வெள்ளைப் பூதம். 1898 விளம்பரத்தில் அது ஆணியும் கண்ணாடித் துண்டும் நிரம்பிய கோப்பையை உயர்த்திப் பிடித்தபடி விருந்து மேசையில் நிற்கும். சாலையில் கிடப்பதையெல்லாம் எங்கள் டயர் குடித்துவிடும் என்று அர்த்தம். உலகத்தின் நாக்குக்கு நீதிபதியாகப் போகிறவரின் முதல் தரிசனம், ஆணி ஜூஸ் குடிக்கும் கோலத்தில்.

முட்டுக்கொடுத்த படலம்

இருபது வருஷம் புத்தகம் இலவசமாகப் போயிற்று. பிறகு ஒருநாள் ஆந்த்ரே மிச்செலின் ஒரு டயர் கடைக்குப் போனாராம். அங்கே ஆடிக்கொண்டிருந்த ஒரு மேசைக்காலுக்கு அடியில் தம் புத்தகங்கள் முட்டுக்கொடுத்து நிற்பதைக் கண்டாராம். கம்பெனியே ஆசையாகச் சொல்லும் கதை இது. ஓசியில் வருவதை மனிதன் மதிக்கமாட்டான் என்று தெளிந்த ஆந்த்ரே, 1920இல் ஏழு பிராங்க் விலை வைத்தார். விளம்பரங்களைத் தூக்கி எறிந்தார். ஓட்டல்களோடு உணவகங்களையும் ஒழுங்காகப் பட்டியல் போட்டார். பெயர் சொல்லாமல் போய்ச் சாப்பிட்டுப் பார்க்க ஆட்களை அனுப்பினார்.

1926இல் நல்ல சாப்பாட்டுக்கு ஒற்றை நட்சத்திரம். 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள். 1936இல் படிகளுக்கு விளக்கம் வெளியானது. ஒரு நட்சத்திரம், அந்த வகையில் நல்ல கடை. இரண்டு, வழியை விட்டு விலகிப் போகலாம். மூன்று, அதற்கென்றே தனியாகப் பயணம் கிளம்பலாம்.

இந்த விளக்கத்தை இன்னொரு தரம் படியுங்கள். ருசி, மணம், பதம் எதுவும் அதில் இல்லை, இருப்பது கிலோமீட்டர். பாரீஸிலிருந்து லியோனுக்குச் சுமார் 460 கிலோமீட்டர். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினால் 900க்கு மேல். சாலையில் வழிகாட்டிக் கல்லை நட்டதும் மிச்செலின், வரைபடம் அச்சடித்ததும் மிச்செலின், போன இடத்தில் சாப்பிடச் சொன்னதும் மிச்செலின். நான்கு சக்கரமும் தேய்ந்து வீடு திரும்பியவர் யாரிடம் டயர் வாங்குவார்?

ஆனால் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கிரிமோவுக்கு எந்தக் கடை ஜெயிக்கிறது என்பதில் வயிற்றுப்பாடு இருந்தது. டயர்க்காரருக்கு அது துளியும் இல்லை. லியோன் கடை ஜெயித்தாலும் சரி, போர்தோ கடை ஜெயித்தாலும் சரி, தூரமாக இருந்தால் போதும். தூரமாகப் போனவர் திட்டிக்கொண்டு திரும்பினால் அடுத்த தரம் புத்தகத்தை நம்பி வண்டியை எடுக்கமாட்டார் என்பதால், சாப்பாடு நிஜமாகவே நன்றாக இருந்தாகவும் வேண்டும். சமையலைப் பற்றிய உலகத்தின் நாணயமான தீர்ப்பு, சமையலில் அக்கறையே இல்லாத ஒரு வியாபாரத்திலிருந்து பிறந்தது இப்படித்தான்.

அந்த நாணயத்துக்குச் சாட்சி 1933. மூன்று நட்சத்திரக் கடைகள் இரண்டை ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தவர், பாரீஸின் வெள்ளைத் தொப்பி மேதை எவரும் இல்லை. எஜெனி பிராசியே என்ற லியோன் அம்மாள். பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் தாயை இழந்து, மாடு மேய்த்து, வீட்டு வேலைக்குப் போய், பிறகு தம் பெயரில் கடை போட்டவர். ஊருக்குள் ஒன்று, மலைமேல் ஒன்று, மொத்தம் ஆறு நட்சத்திரம். மலைமேல் இருந்த கடையை டயர்க்காரர் இன்னும் கொஞ்சம் ஆசையோடு பார்த்திருப்பார்.

யுத்த காண்டம்

இரண்டாம் உலகப்போர் வந்தது, புத்தகம் நின்றது. 1944இல் நேசப்படைகள் நார்மண்டியில் இறங்க வேண்டும். ஊர்ப் பலகைகளை ஜெர்மன்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். ஊருக்கு ஊர் தெருப்படம் வைத்திருக்கும் புத்தகம் எது என்று தளபதிகள் தேடினால், அகப்பட்டது 1939ஆம் வருஷத்து மிச்செலின் வழிகாட்டி. வாஷிங்டனில் அதை அப்படியே மறு அச்சிட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். ஹிட்லரை விரட்டப் போன படையின் கையில், போகிற வழியில் எந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு வழியை விட்டு விலகலாம் என்ற தகவலும் இருந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே 8. புதுப் பதிப்பு வந்தது மே 16. துக்கம் விசாரிக்கக்கூட ஒரு வாரம்தான்.

மாறுவேடப் படலம்

ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போன கதைகள் நமக்குப் பழக்கம். மிச்செலின் இன்ஸ்பெக்டர் சம்பளத்துக்கு அதைச் செய்கிறவர். வேறு பெயரில் மேசை பிடிப்பார், மற்றவர்களைப் போலவே சாப்பிடுவார், முழு பில்லையும் கட்டிவிட்டு எழுந்து போவார். வேலையைப் பற்றி அப்பா அம்மாவிடம்கூடப் பீற்றிக்கொள்ள வேண்டாம் என்பது அறிவுரை. வருஷத்துக்கு 250 வேளைக்கு மேல் இப்படிச் சாப்பிடுவது கனவு வேலை என்று நினைக்கிறவர்கள், இரண்டு வேளையும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அறிக்கை எழுதுவதாகக் கற்பனை செய்து பார்க்கவும்.

பார்ப்பது ஐந்து விஷயம்: பொருளின் தரம், சமைக்கும் கைத்திறன், சுவைகள் ஒன்றோடொன்று சேரும் விதம், தட்டில் தெரியும் சமையல்காரரின் முத்திரை, என்றைக்குப் போனாலும் ஒரே தரம். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் கவிழ்வார்கள். சரவிளக்கு, வெள்ளித்தட்டு, சர்வரின் குனிவு இவற்றுக்கு நட்சத்திரத்தில் பங்கில்லை. அவற்றுக்கு முள்கரண்டியும் ஸ்பூனும் போட்ட தனிக் குறி வைத்திருந்தார்கள். ஓட்டல்களுக்கு 2024 முதல் சாவிக் குறி. நட்சத்திரம் கடைக்கு உரியது. சமையல்காரர் வேலையை விட்டால் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது.

2004இல் பாஸ்கல் ரெமி என்ற முன்னாள் இன்ஸ்பெக்டர் புத்தகம் எழுதிப் போட்டு உடைத்தார்: பிரான்ஸ் முழுமைக்கும் ஐந்தே பேர் சுற்றுகிறோம், பெரிய தலைகளின் கடைகளைத் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம் என்றார். கம்பெனி மறுத்தது. அடுத்த வருஷமே பெல்ஜியத்தில் இன்னும் கதவே திறக்காத ஓர் உணவகத்தைப் புகழ்ந்து பதிப்பு வெளிவந்து, அத்தனை பிரதியையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. சமைக்காத சாப்பாட்டின் ருசியை அறிய அஷ்டமா சித்தியில் ஏதோ ஒன்று கைகூடியிருக்க வேண்டும்.

இதற்கும் மகுடம் 2017. பூர்ஜ் நகரில் 'பூஷ் ஆ ஒரேய்' என்றொரு கடை. கட்டட வேலைக்காரர்கள் மத்தியானம் வந்து மலிவுச் சாப்பாடு சாப்பிட்டுப் போகும் இடம். திடீரென்று போன் ஓயவில்லை, பத்திரிகைக்காரர்கள் வாசலில். மிச்செலின் இணையப் பட்டியலில் கடைக்கு நட்சத்திரம்! விசாரித்தால், பாரீஸ் பக்கம் அதே பெயரில், கிட்டத்தட்ட அதே தெருப்பெயரில் இருந்த வேறு கடையின் நட்சத்திரம் இங்கே வந்து விழுந்திருக்கிறது. இரண்டே நாளில் திரும்பிப் போயிற்று. அந்த இரண்டு நாளும் வந்து சாப்பிட்டவர்கள் குறைசொன்னதாகச் செய்தி இல்லை.

சாபப் படலம்

வரம் கொடுத்தவருக்கே சாபமும் கொடுக்க வரும். இந்தப் படலத்தில் ஒரு பத்திக்குச் சிரிப்பை ஓரமாக வைக்க வேண்டும். சோலியே ஊரில் சமையல்காரர் பெர்னார் லுவாஸோ 1991இல் மூன்றாம் நட்சத்திரம் பெற்றவர். 2003இல் போட்டி வழிகாட்டியான கோ-மியோ, இருபதுக்குப் பத்தொன்பதாக இருந்த அவர் மதிப்பெண்ணைப் பதினேழாகக் குறைத்தது. மூன்றாம் நட்சத்திரமும் போகப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. கடன், மனச்சோர்வு எல்லாம் ஏற்கெனவே சூழ்ந்திருந்தன. அந்தப் பிப்ரவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 52. நட்சத்திரம் அந்த வருஷம் போகவே இல்லை.

வரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சமையல்காரர்களும் உண்டு. செபாஸ்தியன் ப்ரா 2017இல் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார், எடுத்தார்கள், 2019இல் இரண்டு நட்சத்திரத்தோடு கேட்காமலே மறுபடி சேர்த்தார்கள். கோ-மியோவில் இருபதுக்கு இருபதே வாங்கிய மார்க் வெய்ராவுக்கு 2019இல் மூன்று இரண்டானது. அவர் செய்த சூஃப்லேயில் ஆங்கிலேயர்களின் செடார் பாலாடைக்கட்டி இருப்பதாக இன்ஸ்பெக்டர் நினைத்துவிட்டார் என்று கொதித்தார் வெய்ரா. போட்டது ஊர்ப் பாலாடைக்கட்டியும் குங்குமப்பூவும். மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள் என்பது வாதம். ஒரு பிரெஞ்சுக்காரரைப் பார்த்து செடார் போட்டாய் என்பதற்குக் கொலைக்குற்றம் சுமத்துவதே மேல். ஒரே ஒரு யூரோ நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். வருஷத்தின் கடைசி நாளில் தோற்றார். செத்தவருக்கும் விலக்கில்லை: 1965 முதல் மூன்று நட்சத்திரம் வைத்திருந்த போல் பொக்யூஸின் கடை, அவர் மறைந்து இரண்டு வருஷத்தில், 2020இல் ஒன்றை இழந்தது.

திக்விஜயப் படலம்

2005இல் நியூயார்க். 2007இல் டோக்கியோ, முதல் பட்டியலிலேயே 150 கடைக்கு 191 நட்சத்திரம் வாரி இறைத்து, பாரீஸின் வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். 2016இல் சிங்கப்பூரில் சோயா சாஸ் கோழியும் சோறும் விற்ற உணவங்காடிக் கடைக்கு ஒன்று. ஒரு தட்டு சுமார் இரண்டு சிங்கப்பூர் டாலர். 2017இல் பாங்காக்கில், கண்ணுக்குப் பனிச்சறுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கரியடுப்பில் நண்டு ஆம்லெட் போடும் ஜே ஃபாய் அம்மாளுக்கு ஒன்று. கூட்டம் தாங்காமல், திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அந்த அம்மாள் புலம்பினார்.

2022இல் நியூயார்க்கில் தமிழ்நாட்டுக்காரர் விஜய் குமார் சமைக்கும் 'செம்ம'வுக்கும் வந்தது. அங்கே பேர்போன பதார்த்தம் நத்தைப் பிரட்டல். வயல் நத்தையை ஏழை வீட்டுக் கறி என்று நம் ஊர் ஓட்டல்கள் பெரும்பாலும் உள்ளே விட்டதில்லை. நத்தையில் வெண்ணெயும் பூண்டும் அடைத்துக் காலங்காலமாகத் தின்றுவரும் தேசத்துப் புத்தகத்துக்கு, நம் கிராமத்துச் சட்டியை அடையாளம் காண்பதில் சிரமம் இருந்திருக்காது.

திக்விஜயத்துக்குப் படிச்செலவு யார் கொடுப்பது? அங்கேதான் கதை வட்டமடிக்கிறது. தாய்லாந்திலும் தென்கொரியாவிலும் வழிகாட்டி வர சுற்றுலாத் துறைகள் பணம் கொடுத்தன. 2019இல் கலிஃபோர்னியா முழுமைக்கும் பதிப்பு வர, மாநிலச் சுற்றுலா அமைப்பு கொடுத்தது ஆறு லட்சம் டாலர். பணம் வேறு, இன்ஸ்பெக்டரின் நாக்கு வேறு என்று கம்பெனி சத்தியம் செய்கிறது; இருக்கலாம். ஆனாலும் பந்திக்கு அழைத்தவரே பந்தியைப் பற்றிய தீர்ப்புக்கும் செலவு செய்யும்போது, கல்லறையில் கிரிமோ கொஞ்சம் புரண்டு படுத்து, 'நான் கேட்டது கறித்துண்டுதானே' என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

நூற்பயன்

எல்லாருமே நீதிபதியாகிவிட்டால் இந்த வம்பு தீருமே என்பவர்களுக்கு ஒரு கிளைக்கதை. 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர், தாம் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று, யாரும் மதிப்புரை எழுதக்கூடிய டிரிப் அட்வைசர் தளத்தில் பதிந்தார். சவர நுரையில் பதார்த்தம் செய்து படம் எடுத்தார். சிநேகிதர்களை விட்டு மதிப்புரை எழுதவைத்தார். சில மாதத்தில் லண்டனிலேயே முதல் இடம். அதுவரை அங்கே ஒரு தட்டுச் சோறுகூட யாருக்கும் பரிமாறவில்லை.

இந்தப் புராணத்தைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும், ஓசியில் வாங்கி மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தவரும் அடையும் பலன் யாதெனில்: நட்சத்திரத்தைக் கண்டால் எத்தனை என்று எண்ணுவதற்கு முன், இதை ஒட்டியவர் எதை விற்கிறார் என்று கேட்கும் புத்தி வரும். டயர் விற்கிறார் என்று தெரிந்தால் நம்பிப் போகலாம். அவருக்கு வேண்டியது நம் சக்கரம் மட்டும்தான். அந்தச் சாப்பாட்டையே விற்கிறார் என்று தெரிந்தால், வீட்டில் ரசம் வைத்துக்கொள்வது உத்தமம்.